பயண சி.என்.ஏ. வேலை: பெட்டி கட்டும் முன் கையில் இருக்க வேண்டியவை

அமெரிக்க முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலைக்குச் சேரும் செவிலி உதவியாளருக்குச் (சான்று பெற்றபின் சி.என்.ஏ.) சட்டம் நான்கு மாத அவகாசம் தருகிறது. பயிற்சியில் இருந்துகொண்டே வேலை பார்க்கலாம். அதற்குள் தேர்வில் தேறினால் போதும். ஏஜென்சி வழியாகத் தற்காலிக ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் போகும் பயண சி.என்.ஏ.வுக்கு இந்த அவகாசம் கிடையாது. முதல் ஷிஃப்ட் தொடங்கும்போதே அவர் முழுத் தகுதி பெற்றவராக, அந்த மாநிலத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. போய்ச் சேர்ந்தபின் கற்றுக்கொள்ளலாம், காகிதத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பதற்கு இங்கே இடமில்லை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அந்தச் சொல் நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்படும் முதியோர் தங்கியிருக்கும் இல்லத்தைக் குறிக்கும். அங்கே இருப்பவர்களை நோயாளி என்று சொல்வதில்லை, 'ரெசிடென்ட்' என்பார்கள். சி.என்.ஏ. நர்ஸ் அல்ல, மாத்திரை கொடுப்பதும் ஊசி போடுவதும் அவர் வேலையில் வராது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது, படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பது என, நம் ஊர் ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் வீட்டார் செய்யும் வேலைகள் பலவும் அங்கே இவருடையவை. ஒரு ரெசிடென்டை ஒரு நாளில் அதிக நேரம் பார்ப்பவரும் தொடுபவரும் இவர்தான். அதனால் இதைச் சின்ன வேலை என்று நினைத்து வருகிறவர்களை நாங்கள் ஊக்குவிப்பதில்லை.

பயிற்சிக்கு வருவோம். 1987இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறை. இது அடித்தளம் மட்டுமே. டெக்சாஸ் 100 மணி கேட்கிறது, கலிபோர்னியா 160. பயணம் போகும் எண்ணம் இருந்தால், பக்கத்தில் கிடைக்கும் மிகக் குறுகிய வகுப்பைத் தேடாதீர்கள். 75 மணி மட்டும் படித்தவர் கூடுதல் மணிகள் கேட்கும் மாநிலத்துக்கு மாறும்போது, விண்ணப்பம் திரும்பி வரவும் வேலை அனுபவத்துக்குச் சான்று கேட்கப்படவும் வாய்ப்பு உண்டு. புளோரிடா போன்ற இடங்களில் வகுப்புக்கே போகாமல் நேரடியாகத் தேர்வு எழுதவும் முடியும். நம் ஊரில் நர்சிங் படித்துவிட்டு வந்தவர்களை இது ஈர்க்கும். அந்த மாநிலத்திலேயே இருக்கப் போகிறவருக்கு அது நல்ல வழி. ஆனால் பயிற்சி முடித்த சான்றிதழைக் கேட்கும் மாநிலத்துக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு முதியோர் இல்லம் உங்களை வேலைக்கு எடுத்திருந்தாலோ, பயிற்சி தொடங்கும் நாளில் அவர்களிடமிருந்து வேலை உறுதி இருந்தாலோ, பயிற்சிக்கும் தேர்வுக்கும் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நீங்களே பணம் கட்டிப் படித்து, முடித்த 12 மாதத்துக்குள் அப்படிப்பட்ட இல்லத்தில் சேர்ந்தால், அந்தச் செலவைத் திரும்பத் தருவதற்கு மாநிலம் வழிசெய்ய வேண்டும். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: பெயர். கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். தேர்வு மையத்தில் பதிவு செய்த பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்றால் உள்ளே விட மாட்டார்கள்; கட்டிய பணமும் போகும். அன்று எப்படியோ தப்பித்தாலும், பதிவேட்டில் ஒரு பெயரும் பின்னணிச் சோதனையில் வேறு பெயருமாக இருந்தால் ஏஜென்சியின் கோப்பு வாரக்கணக்கில் நகராது. வகுப்பில் சேரும் முன்பே எல்லா ஆவணங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயராக்கிவிடுங்கள்.

தேர்வு இரண்டு பகுதி: எழுத்து, செய்முறை. பலர் தோற்பது செய்முறையில். பல மாநிலங்கள் பயன்படுத்தும் என்.என்.ஏ.ஏ.பி. என்ற பொதுத் தேர்வில் ஐந்து திறன்களைச் செய்துகாட்ட வேண்டும், கை கழுவுவது அவற்றில் கட்டாயம். சோப்பு நுரையோடு 20 விநாடி தேய்க்க வேண்டும், விரல் நுனி முழங்கையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், கழுவும்போது கை தொட்டியின் உட்புறத்தில் படக் கூடாது. குழாயைக் காய்ந்த தாளால் மூட வேண்டும். அளவுகளில் எவ்வளவு பிசகலாம் என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது: நாடித்துடிப்பில் 4, மூச்சு எண்ணிக்கையில் 2, ரத்த அழுத்தத்தில் 8, சிறுநீர் அளவில் 25 மி.லி. நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் சிறு பிழையும் இரட்டிப்பாகும். பக்கவாதம் வந்தவருக்கு உடுத்தும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது பலமான கை முதலில். சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பிரேக் போட மறப்பது, முடிந்ததும் கட்டிலைத் தாழ்த்தாமல் விடுவது, அழைப்பு பட்டனைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைக்காதது, திரையை இழுத்து மூடாதது, இந்த நான்கிலும் கவனமாக இருங்கள். வேலையிலும் ஒரு முதியவர் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்கு இவற்றில் முதல் மூன்றில் ஒன்று போதும்.

சான்றிதழ் வந்த மறுவாரமே பயணம் கிளம்ப வேண்டாம். குறைந்தது ஆறு மாத அனுபவம் பல ஏஜென்சிகள் கேட்கும். எங்கள் கணக்கில் முழுதாக ஒரு வருடம் வேண்டும், அதுவும் முதியோர் இல்லத்தில். பத்துப் பேரைக் காலை உணவுக்கு முன் எழுப்பி, கழுவி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைக்கும் வரிசை கைக்கு வருவதற்கே மாதங்கள் ஆகும். பயண ஒப்பந்தத்தில் பழகிக்கொள்ளக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு ஷிஃப்ட், அதிகம் போனால் இரண்டு.

அடுத்தது மாநிலம் விட்டு மாநிலம். நர்ஸ்களுக்குப் பல மாநிலங்களில் செல்லும் ஒரே லைசென்ஸ் உண்டு, சி.என்.ஏ.வுக்கு அது கிடையாது. ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாக விண்ணப்பித்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். பழைய மாநிலம் உங்கள் நிலையை உறுதிசெய்ய வேண்டும், பல இடங்களில் கைரேகை வேண்டும். வேலையின் பெயரும் மாறும். வெர்மான்டிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் எல்.என்.ஏ. என்பார்கள். மேரிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யத் தனித் தகுதி வேண்டும் (அதை ஜி.என்.ஏ., அதாவது முதியோர் பராமரிப்பு உதவியாளர், என்று அழைத்துவந்தார்கள்), இது தெரியாமல் போனால் அந்த வேலை கிடைக்காது. சில மாநிலங்களில் காரியம் சில நாட்களில் முடியும், சில இடங்களில் மாதத்தைத் தாண்டும். அதனால் வேலை உறுதியானபின் விண்ணப்பிப்பது தாமதம். போக நினைக்கும் இரண்டு மூன்று மாநிலங்களில் முன்கூட்டியே பெயர் ஏற்றி வையுங்கள்.

ஏறிய பெயர் நிலைக்கவும் வேலை செய்திருக்க வேண்டும். தொடர்ந்து 24 மாதங்கள் சம்பளத்துக்கு இந்தப் பணி செய்யாவிட்டால் மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. வீடுகளுக்குத் தனியாகப் போய்ப் பார்க்கும் வேலையைச் சில மாநிலங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஊருக்குப் போய்க் குழந்தை பெற்று இரண்டு வருடம் கழித்துத் திரும்புகிறவர்கள் அதிகம் அடிபடுவது இதில்தான். கிளம்பும் முன் கடைசியாக வேலை செய்த தேதியைக் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள்.

விசா பற்றிச் சுருக்கமாக. எச்-1பி இந்த வேலைக்குப் பொருந்தாது, ஏனென்றால் இதற்குப் பட்டம் தேவையில்லை. கிரீன் கார்டு உள்ளவர், குடியுரிமை பெற்றவர், எச்-4 இ.ஏ.டி. (எச்-1பி ஊழியரின் துணைவருக்கான அனுமதி அட்டை) போன்ற வேலை அனுமதி உள்ளவர் செய்யலாம். அனுமதி அட்டை காலாவதியாகும் தேதி ஒப்பந்தம் முடியும் நாளைத் தாண்டி இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து "சி.என்.ஏ. விசா" வாங்கித் தருகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களை நம்ப வேண்டாம். அதற்கென்று இருக்கும் குடியேற்றப் பிரிவில் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். அமெரிக்காவுக்குள் நேர்மையான பயண ஏஜென்சி உங்களிடம் ஒரு டாலர்கூடக் கேட்காது. அவர்களுக்குப் பணம் தருவது இல்லம்தான்.

மருத்துவக் காகிதங்களில் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. இந்தியாவில் பிறந்த பலருக்கும் பி.சி.ஜி. ஊசி போட்டிருப்பார்கள். காசநோய்க்கான தோல் பரிசோதனை அதனாலேயே வீங்கி 'பாசிட்டிவ்' என்று காட்டலாம். உடனே எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைச்சல். தோலில் போடாமல் குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள், பி.சி.ஜி. அதைப் பாதிக்காது. சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை எங்கே என்று தெரியாதவர்கள், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கு டைட்டர் என்னும் எதிர்ப்பாற்றல் சோதனை எடுக்கலாம். குறைவு என்று வந்தால் எம்.எம்.ஆர். (முதல் மூன்றுக்கும் சேர்ந்த தடுப்பூசி) இரண்டு ஊசி, குறைந்தது 28 நாள் இடைவெளியில். ஹெபடைடிஸ் பி வழக்கமான வரிசை ஆறு மாதம் எடுக்கும். ஒரு மாத இடைவெளியில் இரண்டே ஊசியாக முடியும் வகையும் இருக்கிறது. வரிசை முக்கியம்: எம்.எம்.ஆர். போட்ட பிறகு காசநோய்ப் பரிசோதனை செய்தால் முடிவு தவறலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டும், அல்லது ஊசிக்குப் பின் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். இது தெரியாமல் தேதி தவறி முதல் ஒப்பந்தத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இவற்றோடு பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) சான்று வேண்டும், கையால் செய்துகாட்டிப் பெற்றது, இரண்டு ஆண்டு செல்லும். முழுக்க இணையத்திலேயே முடித்த சான்றை ஏற்க மாட்டார்கள். பிறகு உடற்தகுதிக் கடிதம், போதைப்பொருள் சோதனை, என்95 முகக்கவசம் பொருந்துகிறதா என்னும் சோதனை, மேலதிகாரி இருவரின் பரிந்துரை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில், காலாவதித் தேதியைப் பெயரிலேயே சேர்த்து வையுங்கள்.

சம்பளத்தைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் ரெக்ரூட்டர் (ஏஜென்சிக்காக ஆள் எடுப்பவர்) சொல்லும் வாரத் தொகை இரண்டு பொருள்களின் கூட்டல். ஒரு கணக்கு: வாரம் 36 மணி, 1,200 டாலர் என்கிறார். அதில் மணிக்கு 17 டாலர் வீதம் 612 வரிக்குட்பட்ட கூலி. மீதி 588 தங்கும் செலவுக்கும் சாப்பாட்டுக்குமான வரியில்லாத படி. கேட்க மணிக்கு 33 டாலர் போல இருக்கும். ஆனால் கூடுதல் நேரத்தை 17இன் ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டால் 25.50தான் வரும். அதாவது 40 மணிக்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு மணியும் முதல் 36 மணியில் ஒரு மணி தருவதைவிடக் குறைவாகத் தரும். கூடுதல் ஷிஃப்ட் எடுத்துச் சேமிக்க நினைப்பவர்கள், கூலி உயர்ந்தும் படி குறைந்தும் உள்ள ஒப்பந்தத்தைத் தேடுவது நல்லது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: 12 மணி ஷிஃப்ட் ஒன்று விட்டுப்போனால் கூலி 204 போகும், படியிலும் மூன்றில் ஒரு பங்கு, 196, பிடிப்பார்கள். ஒரே நாளில் 400 டாலர் போய்விடும், அறை வாடகை மட்டும் அப்படியே நிற்கும். எனவே ஒப்பந்தத்தில் 'உறுதி செய்யப்பட்ட மணிகள்' என்ற வரி எழுத்தில் இருக்கிறதா, இல்லம் எத்தனை ஷிஃப்டைப் பணம் தராமல் ரத்து செய்யலாம், வேறு பிரிவுக்கு மாற்றி அனுப்பலாமா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

அந்தப் படி வரியில்லாமல் கிடைக்க, உங்களுக்கு வேறிடத்தில் 'வரி வீடு' இருக்க வேண்டும். இதில் நம்மவர்கள் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, வாடகை எதுவும் தராமல், வருடம் முழுவதும் வெளியே வேலை பார்த்தால் அது வரி வீடு ஆகாது. வரித்துறை மூன்றைப் பார்க்கிறது: அந்த ஊரில் கொஞ்சமாவது வேலை செய்கிறீர்களா, வெளியே தங்கும்போது இரண்டு இடத்திலும் தங்கும் செலவு செய்கிறீர்களா, அந்த ஊரை விட்டுவிடாமல் இருக்கிறீர்களா. ஒன்று மட்டும் பொருந்தினால் நீங்கள் ஊர் ஊராகத் திரிபவர். படி முழுவதும் வரிக்குட்பட்டது. '50 மைல் தாண்டினால் போதும்' என்பது ஏஜென்சிகளின் சொந்தக் கணக்கு, வரித்துறை விதி அல்ல. ஒரே ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்துவிட்டால், தெரிந்த நாளிலிருந்தே சலுகை நின்றுவிடும். வாடகையைக் காசோலையாகக் கொடுத்து ரசீது வையுங்கள். முதல் ஆண்டு, பயணப் பணியாளர் வரி தெரிந்த கணக்காளரிடம் போவது வீண் செலவு இல்லை.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ரெக்ரூட்டரின் வர்ணனையை நம்ப வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் தளத்தில் 'கேர் கம்பேர்' பக்கத்தில் இல்லத்தின் பெயரைப் போட்டால் நட்சத்திர மதிப்பீடு, சோதனை அறிக்கைகள், ஊழியர் எவ்வளவு வேகமாக விலகுகிறார்கள் என்ற விகிதம் எல்லாம் கிடைக்கும். முக்கியமானது, ஒரு ரெசிடென்டுக்கு ஒரு நாளில் கிடைக்கும் உதவியாளர் மணிகள். அது 2 மணி என்றும் பிரிவில் 40 பேர் என்றும் வையுங்கள்: மொத்தம் 80 மணி, எட்டு மணி ஷிஃப்டுகளாகப் பத்து. காலை நால்வர், மாலை நால்வர், இரவு இருவர் என்று பிரித்தால் பகலில் ஆளுக்குப் பத்து, இரவில் இருபது. இப்போது உங்களால் முடியுமா என்று முடிவெடுக்கலாம். சிவப்பு வட்டத்துக்குள் கை அடையாளம் இருந்தால், துன்புறுத்தல் தொடர்பான குற்றச்சாட்டு அங்கே உறுதியாகியிருக்கிறது என்று பொருள். முதல் ஒப்பந்தத்துக்கு அந்த இடம் வேண்டாம்.

முதல் நாள் போகும்போது கெயிட் பெல்ட் (ரெசிடென்டை எழுப்பவும் நடத்தவும் பிடித்துக்கொள்ள அவர் இடுப்பில் கட்டும் பட்டை), விநாடி முள் உள்ள கைக்கடிகாரம், கறுப்பு மை பேனா, சிறு குறிப்பேடு, நழுவாத காலணி போதும். பதிவு செய்யும் கணினிக்கான கடவுச்சொல் வந்துவிட்டதா என்று முந்தைய நாளே கேட்டு வாங்குங்கள். பதியாத வேலை, செய்யாத வேலையாகத்தான் கருதப்படும். நேரம் 24 மணிக் கணக்கில், வெப்பம் ஃபாரன்ஹீட்டில், எடை பவுண்டில். ஒரு அவுன்ஸ் 30 மி.லி.; எட்டு அவுன்ஸ் கோப்பை 240.

ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொருவருக்கும் ஐந்து விஷயங்கள் எழுதுங்கள்: எழுப்ப ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா, ஹோயர் லிஃப்டா (ஆளைத் துணியில் வைத்துத் தூக்கும் இயந்திரம்); உணவும் திரவமும் எந்த அளவு கெட்டியாக இருக்க வேண்டும்; விழும் அபாயம்; கண்காணிக்க வேண்டிய புண்; பழக்க வழக்கம். கெட்டியாக்கிய திரவம் தேவைப்படுபவருக்குச் சாதாரணத் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். பிறகு முதல் அரை மணிக்குள் எல்லோரையும் நேரில் பாருங்கள். முதல் முறை உடை மாற்றும்போதே தோலைப் பாருங்கள். சிவப்போ கன்றலோ தென்பட்டால் அந்த ஷிஃப்டிலேயே நர்ஸிடம் சொல்லிப் பதிய வையுங்கள். மூன்றாம் நாள் சொன்னால் அது எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் புண்ணும் ஆழமாகியிருக்கும். துன்புறுத்தல் என்ற சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது: அது குற்றம் என்று தோன்றினால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் சட்டக் கடமை உங்களுக்கும் உண்டு, பலத்த காயம் என்றால் இரண்டு மணிக்குள், மற்றபடி 24 மணிக்குள்.

புதியவரின் பெரிய ஆபத்து, இருவர் செய்ய வேண்டியதைத் தனியாகச் செய்வது. யாரையும் தெரியாது, எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள், கேட்கக் கூச்சம். அதனால் ஷிஃப்டின் தொடக்கத்திலேயே பக்கத்து வராண்டா உதவியாளரிடம் போய்ப் பேசிவிடுங்கள்: "உங்கள் லிஃப்டுக்கெல்லாம் நான் வருகிறேன், என்னுடையதற்கு நீங்கள் வாருங்கள், பத்து மணிக்கு முதல் சுற்று." இப்படிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கெயிட் பெல்ட்டை உடைக்கு மேல், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டாம். முதியவரின் தோள் மூட்டு நழுவலாம், உங்கள் முதுகும் போகும். ஹோயரில் தொங்கு துணியின் அளவையும் பேட்டரியையும் ஆளைத் தூக்கும் முன் பாருங்கள்.

ஆள் போதாத நாளில் கோபித்துக்கொண்டு பாதியில் வெளியேறாதீர்கள். பொறுப்பை ஏற்றபின் யாரிடமும் ஒப்படைக்காமல் போனால் அது கைவிடுதலாகப் பதிவாகலாம். புறக்கணிப்பு என்று பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறிவிட்டால் முதியோர் இல்லக் கதவுகள் எல்லா மாநிலத்திலும் அடைபடும். ஏற்கும் முன்பே பொறுப்பு நர்ஸிடம் ஆட்சேபத்தைச் சொல்லி, ஏஜென்சிக்கும் எழுத்தில் அனுப்புங்கள்.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் 8 முதல் 13 வாரம். பதின்மூன்று வாரம் என்றால் எட்டாவது, ஒன்பதாவது வாரத்திலேயே நீட்டிப்பு பற்றிக் கேளுங்கள். அதற்குப் பிறகு அடுத்த ஊரில் அறை பிடிக்க நேரம் இருக்காது. பெயர்கள் எழுதிய குறிப்புத் தாள்களை ஒவ்வொரு நாளும் இல்லத்திலேயே கிழிக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில், உங்களை நேரில் பார்த்த பொறுப்பு நர்ஸிடம் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அவரும் பயண ஒப்பந்தத்தில் வந்தவராக இருந்தால், அடுத்த மாதம் அவரைத் தேடிப் பிடிக்க முடியாது.